வீட்டு வரைபடம் யாருக்காகத் திருத்தப்படுகிறது?

புதிதாக வீடு கட்டப்போகிற குடும்பத்தின் கைக்கு முதல் வரைபடம் வந்ததும் அதில் பலர் கை வைக்கிறார்கள். வாஸ்து பார்ப்பவர் சமையலறையையும் நிலைவாசலையும் இடம் மாற்றச் சொல்கிறார். அனுமதிக்கு விண்ணப்பிக்கும் பொறியாளர் சுற்றிலும் விட வேண்டிய இடைவெளியைச் சரிபார்க்கிறார். வங்கி மதிப்பீட்டுத் தொகையைப் பார்க்கிறது. உறவினர்கள் முன்பக்கத் தோற்றத்தையும் ஹாலின் அளவையும் பார்த்துக் கருத்துச் சொல்கிறார்கள். அந்த வீட்டுக்குள் ஒரு நாளின் பெரும்பகுதியைக் கழிக்கப்போகிறவர்கள் சமைக்கிறவரும், வயதானவர்களும், பள்ளிக்குப் போகாத பிள்ளைகளும்தான். அவர்களுடைய பேச்சு பெரும்பாலும் திருத்தத்துக்குள் வருவதேயில்லை.

இது வெறும் மனக்குறை அல்ல. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுவதும் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் சராசரியாக நாளுக்கு 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். அவ்வேலைகளில் ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் நடக்கிற வேலைக்கு நம் வரைபடங்களில் எட்டுக்குப் பத்து அடி. வாரத்தில் ஓரிரு முறை வரும் விருந்தினரை மனத்தில் வைத்த ஹாலுக்குப் பதினாறுக்கு இருபது. முதியோரின் நிலையும் இதுதான். 2021க்கான கணிப்பில் தமிழ்நாட்டு மக்களில் 13.6 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. இன்று வீடு கட்டும் நாற்பது வயதுக்காரரும் இருபது ஆண்டுகளில் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவார். ஒரு வரைபடத்தைத் திருத்த எத்தனையோ வழிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றை எடைபோட என்னிடம் இருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: வீட்டில் அதிக நேரம் இருப்பவருக்கு அந்த வழி என்ன தருகிறது?

பழைய வீட்டிலிருந்து தொடங்குவது வழக்கம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், அடுக்களை, கொல்லை என்று தெருவிலிருந்து உள்நோக்கி நீளும் தஞ்சை வீடும், முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் செட்டிநாட்டு வீடும் ஒரு விஷயத்தில் மிகத் தெளிவானவை. யார் எதுவரை வரலாம் என்பதை அவை சுவரில்லாமலே வரையறுத்தன. அறிமுகமில்லாதவர் திண்ணையோடு, தெரிந்தவர் கூடத்தோடு, நெருங்கியவர் தாழ்வாரம்வரை. முற்றம் வெளிச்சத்தையும் மழையையும் உள்ளே கொண்டுவந்து சூட்டை மேலே அனுப்பியது. ஆனால் அந்த வீட்டைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் அடுக்களைப் பக்கம் போவதில்லை. ஜன்னல் சிறுத்து, புகை அடைந்து, கரி படிந்த அறை அது; கழிப்பறையோ கொல்லையின் கடைசியில். அந்த வீட்டின் காற்றும் நிழலும் கூடத்தில் அமர்ந்திருந்தவருக்கே கிடைத்தன. அதனால் பழைய வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது முற்றத்தின் வேலையையும் திண்ணையின் வேலையையும் மட்டுமே. அதன் வரிசையை அப்படியே பின்பற்றத் தேவையில்லை.

இன்றைய மனையின் கணக்கு வேறு. நம் நகரங்களின் விளிம்பில் அதிகம் விற்பது 30க்கு 40, அதாவது அரை கிரவுண்டு. அதிலேயே கணக்கிட்டுப் பார்ப்போம். முன்னால் 5 அடியும் மற்ற மூன்று பக்கங்களில் 3 அடியும் விடுவதாக வைத்துக்கொண்டால் கட்டடத்துக்குக் கிடைப்பது 24க்கு 32, அதாவது 768 சதுர அடி. வெளிச்சுவர் ஒன்பது அங்குலம். அதைக் கழித்தால் உள்ளளவு 22½க்கு 30½, சுமார் 686 சதுர அடி. வெளிச்சுவர் மட்டும் 82 சதுர அடியை எடுத்துக்கொள்கிறது. அடுத்தது மாடிப்படி. தளத்துக்குத் தளம் பத்தடி உயரம் என்றால், ஏறத்தாழ ஆறே முக்கால் அங்குல உயரத்தில் 18 படிகள் வேண்டும். அதை இரண்டு மடிப்பாகப் போட்டால், மூன்றடி அகலத்தில், பத்தங்குல மிதிபலகையோடு, நடுத்தளத்தையும் சேர்த்து ஆறரைக்கு ஒன்பதே முக்கால் அடி. ஏறத் தொடங்குமுன் நிற்க மூன்றடி வேண்டும். அதையும் சேர்த்தால் 80 சதுர அடியைத் தாண்டும். ஒரு சிறு படுக்கையறையின் இடம். வரைபடத்தில் மூலையில் ஏழெட்டுக் கோடுகளாகத் தெரியும் படிக்கட்டைப் பலர் இடமாகவே எண்ணுவதில்லை. பிறகு இடம் போதாமல் படி செங்குத்தாகிறது. எட்டு அங்குல உயரம், ஒன்பது அங்குல அகலம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீட்டுப் படிக்கு உயர்ந்தபட்ச உயரமாக 190 மில்லிமீட்டரையும் குறைந்தபட்ச மிதி அகலமாக 250 மில்லிமீட்டரையும் சொல்கிறது. எட்டு அங்குலம் அந்த உயரத்தைத் தாண்டிவிடுகிறது, ஒன்பது அங்குலம் அந்த அகலத்தை எட்டுவதில்லை. மூட்டுவலி உள்ளவருக்கு அந்தப் படி மாடியையே மூடிவிடும்.

நடைபாதையையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். மூன்றடி அகலத்தில் இருபதடி நீளும் ஒரு நடை 60 சதுர அடி. சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தாலும் ஒன்றரை லட்சம். கதவுகளின் இடத்தைச் சற்று நகர்த்தினால், சாப்பாட்டு இடமே அந்த நடையின் வேலையைச் செய்யும். பெரும்பாலான வரைபடங்களில் இது முடிகிறது.

வாஸ்துவைப் பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டில் இந்த விஷயத்தைப் பேச முடியாது. நம்புகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள் என்பதுதான். வரைபடம் முடிந்தபின் வாஸ்துவுக்காகச் செய்யும் மாற்றம்தான் வீட்டைக் கெடுக்கிறது. முதலிலேயே சொன்னால் நல்ல பொறியாளர் அதற்குள் வழி காண்பார். மனையடி சாஸ்திரத்தில் அறையின் உள்ளளவு 10, 11, 16 அடி நல்லது என்பார்கள். 9, 12, 13 ஆகாது என்பார்கள். மேலே சொன்ன வீட்டின் உள்ளகலம் 22½ அடி. நடுவில் நாலரை அங்குலச் சுவர் வைத்தால் பத்தும் பன்னிரண்டுமாகப் பிரிக்கலாம், பதினொன்றும் பதினொன்றுமாகவும் பிரிக்கலாம். இரண்டாவது வழியில் சாஸ்திரமும் நிறைவேறுகிறது, இரண்டு அறையும் உருப்படியாகின்றன. மிஞ்சும் ஒன்றரை அங்குலம் பூச்சுக்குப் போய்விடும்.

ஆனால் திசை விஷயத்தில் சாஸ்திரமும் வெயிலும் மோதுகிற இடங்கள் உண்டு. வீட்டுத் தலைவரின் படுக்கையறை கன்னிமூலையில், அதாவது தென்மேற்கில், இருக்க வேண்டும் என்பார்கள். கோடையில் மதியத்திலிருந்து மாலைவரை சுடுகிற சுவர் மேற்குச் சுவர்தான். பகலில் வாங்கிய சூட்டை அந்தச் செங்கல் இரவில்தான் உள்ளே விடும், ஆள் படுத்திருக்கும் நேரத்தில். அக்னி மூலையான தென்கிழக்கில் சமையலறை என்பதும் அப்படியே. சென்னையிலும் கடலோர ஊர்களிலும் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும். அந்த மூலையில் சமையலறை இருந்தால் தாளிப்பின் நெடி வீடு முழுக்கப் போகும். இதற்காக வாஸ்துவைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கன்னிமூலை அறையின் மேற்குச் சுவரை ஒட்டி அலமாரியை வைக்கலாம், அந்தச் சுவரின் நடுவில் குளியலறையை வைக்கலாம், கட்டிலை உட்சுவர் பக்கம் தள்ளலாம். அக்னி மூலைச் சமையலறைக்கு ஹால் பக்கம் கதவும், வெளியே காற்றை இழுக்கும் விசிறியும் கட்டாயம். திறந்த சமையலறை என்ற நாகரிகம் அந்த மூலைக்கு ஒத்துவராது.

வெயிலைப் பற்றி வெளிநாட்டுப் புத்தகங்களைப் பார்த்து வரைகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். சென்னை வடக்கே 13 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. வடக்கு ஜன்னலில் வெயிலே படாது என்பது இங்கே உண்மையில்லை. தெற்குச் சுவரில் மார்கழி வெயில் நன்றாகப் படும். ஆனால் அப்போதும் நண்பகல் சூரியன் 53 பாகை உயரத்தில் இருப்பதால் இரண்டடி சன்ஷேடு ஜன்னலின் மேற்பாதியைக் காப்பாற்றிவிடும். மேற்கில் சாயும் வெயிலை எந்த சன்ஷேடும் தடுக்காது. அங்கே ஜன்னலைக் குறைப்பதும், மரமோ பந்தலோ செங்குத்துத் தட்டியோ வைப்பதும்தான் வழி. உள்மாவட்டங்களில் காற்றின் திசை வேறு. கோவையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று அந்த ஊரின் பெரிய வரம். கடலோர ஊருக்கு வரைந்த ஜன்னல்களை அங்கே அப்படியே வைத்தால் அந்த வரம் சுவரில் மோதித் திரும்பும்.

ஒவ்வோர் அறைக்கும் இரண்டு பக்கம் வெளிச்சம் வேண்டும் என்று கிறிஸ்டோபர் அலெக்ஸாண்டரும் அவருடைய தோழர்களும் 1977இல் வெளியிட்ட கட்டடக்கலை நூலில் வலியுறுத்தினார்கள். சிறு மனையில் அது எளிதல்ல. ஒரு தளத்துக்கு நான்கு மூலைகள்தான். ஆனால் நம் வரைபடங்களை எடுத்துப் பாருங்கள். அந்த நான்கில் ஒன்றிலோ இரண்டிலோ கழிப்பறை உட்கார்ந்திருக்கும். குழாய் வெளியே போக வசதி என்பது காரணம். பக்கச் சுவரின் நடுவிலும் அதே வசதி உண்டு. கழிப்பறையை நடுவுக்கு நகர்த்தி மூலையைப் படுக்கையறைக்கும் சமையலறைக்கும் கொடுத்தால், செலவு கூடாமல் இரண்டு பக்கக் காற்று கிடைக்கிறது. முதல் வரைபடத்தில் செய்யக்கூடிய திருத்தங்களில் இதையே நான் மிகப் பயனுள்ளதாகக் கருதுகிறேன்.

முற்றத்தைத் திரும்பக் கொண்டுவரும் ஆசை இப்போது நிறைய பேருக்கு இருக்கிறது. நெருக்கமான நகரத்திலும் முற்றம் வாழும் என்பதைக் காட்டியவர்களில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா முக்கியமானவர். கொழும்பில் 1960களின் தொடக்கத்தில் எனா டி சில்வாவுக்காக அவர் கட்டிய வீடு தெருவுக்கு முதுகைக் காட்டி, உள்ளே வானம் பார்த்த முற்றத்தைச் சுற்றி அமைந்தது. பிற்காலத்தில் அது பிரித்தெடுக்கப்பட்டு பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது. அந்த அளவுக்கு மதிப்புள்ள வரைபடம். ஆனால் அரை கிரவுண்டில் நடுமுற்றம் வைத்தால் நான்கு பக்கமும் நடக்க இடம் விட்டே அறைகள் சுருங்கிவிடும். இன்னொரு தவறு, முற்றம் என்ற பெயரில் மேலே கண்ணாடியோ பாலிகார்பனேட் தகடோ போட்டு மூடுவது. வெயில் உள்ளே வருகிறது, சூடு வெளியே போவதில்லை. மூடித்தான் ஆக வேண்டும் என்றால் கூரையை ஒன்றரை அடி தூக்கி நான்கு பக்கமும் வலையடித்துக் காற்றுக்கு வழி விட வேண்டும். சிறு மனைக்கு என் தேர்வு, பக்க இடைவெளியோடு சேர்த்து ஐந்துக்கு எட்டு அடியில் ஒரு வானம் பார்த்த மூலை. அது சமையலறையை ஒட்டி இருந்தால் பாத்திரம் தேய்க்கவும், துணி உலர்த்தவும், வயதானவர் காலை வெயிலில் உட்காரவும் உதவும்.

அந்தச் சமையலறையைப் பற்றித்தான் உலகம் அதிகம் ஆராய்ந்திருக்கிறது. அமெரிக்காவில் கிறிஸ்டின் ஃப்ரெடரிக் 1912இல் லேடீஸ் ஹோம் ஜர்னல் இதழில் எழுதிய கட்டுரைகளில், தொழிற்சாலையில் தொழிலாளியின் அசைவுகளை எண்ணுவதுபோல் சமையலறையில் பெண்ணின் அடிகளை எண்ணிக் காட்டினார். 1926இல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷுட்டே லிஹோட்ஸ்கி ஃப்ராங்க்ஃபர்ட் நகரின் புதிய குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், நம் கணக்கில் ஏறத்தாழ ஆறுக்குப் பதினொன்று. அதைப்போல் சுமார் பத்தாயிரம் கட்டப்பட்டன. இன்றைய மாடுலர் சமையலறைகளின் மூலம் அதுதான். பின்னாளில் அதன்மேல் எழுந்த குற்றச்சாட்டும் கவனிக்கத்தக்கது: அது ஒருவர் மட்டும் வேலை செய்யக்கூடிய அறை, இன்னொருவர் உதவிக்கு வர இடமில்லை, பிள்ளைகள் கண்ணில் படுவதில்லை. 1940களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அடுப்பு, தொட்டி, குளிர்பெட்டி என்ற முக்கோணம் பிறந்தது. அதன் மூன்று பக்கங்களின் கூட்டு 13 அடிக்கும் 26 அடிக்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி.

நம் பொறியாளர்களில் பலர் இந்த முக்கோணத்தைத்தான் வரைகிறார்கள். ஆனால் நம் சமையல் மூன்று புள்ளியில் அடங்குவதில்லை. கோயம்புத்தூர் வெட்கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அந்த கிரைண்டருக்கு வரைபடத்தில் இடம் இருக்கிறதா? அரிசியும் உளுந்தும் ஊறவைக்க, கழுவ, அரைக்க, மாவை வழிக்க, கல்லைக் கழுவ அதற்குத் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் இரண்டடி மேடையும் தனி ப்ளக்கும் வேண்டும். மிக்ஸிக்கு இன்னொரு ப்ளக். அரிசிப் பையைத் தூக்காமல் வைக்கக் கீழ்த்தட்டு. தேங்காய் துருவ, கீரை ஆய உட்கார்ந்து வேலை செய்ய ஓரிடம். நின்றே எல்லாம் செய்ய வேண்டும் என்பது ஐரோப்பியச் சமையலறையின் பழக்கம். மீன் கழுவுகிற வீட்டில் அந்த வேலைக்குப் பின்கதவுக்கு வெளியே ஒரு தொட்டி. எரிவாயு உருளை நிறைந்திருக்கும்போது ஏறத்தாழ முப்பது கிலோ. அதை ஹால் வழியாக உருட்டி வராமல் வெளியே வைத்துக் குழாய் மூலம் உள்ளே எடுக்கலாம். அடுப்பு ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தால் காற்றில் சுடர் அலையும். ஜன்னல் தொட்டிக்கு மேல் வர வேண்டும், அங்கேதான் நீண்ட நேரம் நிற்கிறோம். இரண்டு மேடைகளுக்கு இடையே நான்கடி இருந்தால்தான் மாமியாரும் மருமகளும், அல்லது கணவனும் மனைவியும், இடித்துக்கொள்ளாமல் வேலை செய்ய முடியும். இடைவெளி மூன்றடியானால் சமையல் ஒருவர் தலையில் விழும்; விழுகிற தலை யாருடையது என்பது தெரிந்ததே. ஆண் சமையலறைக்குள் வருவதற்கு மனம் மட்டும் போதாது, இடமும் வேண்டும்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பில் சமையலறையின் குறைந்தபட்சப் பரப்பு 5 சதுர மீட்டர், அதாவது 54 சதுர அடி. இதற்குக் கீழே போகக்கூடாது என்று சொன்ன எண்ணை, இதுவே போதும் என்று படிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். நம் வீட்டுக்கு வேலைப் பகுதியோடு சேர்த்து 120 சதுர அடிக்குக் குறையக் கூடாது என்பது என் கருத்து. அந்த இடம் ஹாலிலிருந்து வரட்டும். பதினாறுக்கு இருபது ஹாலைப் பதினொன்றுக்குப் பதினாறாக்கினால் விருந்தினருக்கு ஒரு நாற்காலியும் குறையப்போவதில்லை.

துணி துவைப்பதையும் சமையலோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். இயந்திரம் கீழே, கொடி மொட்டை மாடியில் என்றால் ஈரத்துணி வாளியோடு தினமும் மாடியேறுவது யார்? இயந்திரத்தை மாடிப்படியின் மேல்முனைக்குக் கொண்டுபோகலாம், அல்லது கொடியைக் கீழே அந்த வானம் பார்த்த மூலைக்குக் கொண்டுவரலாம்.

முதியவர் அறை தரைத்தளத்தில் இருக்க வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அது எங்கே என்பதில்தான் சிக்கல். வாசல் பக்கம் இருந்தால் வருவோர் போவோரைப் பார்க்கலாம், வீட்டின் பேச்சோடு இருக்கலாம். திண்ணை செய்த வேலையில் ஒரு பகுதியை அந்த ஜன்னல் செய்யும். பின்கோடியில் இருந்தால் அமைதி கிடைக்கும், ஆனால் கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது. நான் வாசல் பக்கத்தையே சொல்வேன். குளியலறைக்கு மூன்றடிக் கதவு வேண்டும். நாம் வழக்கமாக வைப்பது இரண்டரை. சக்கர நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம் தேவை. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவரின் உடல் தடுத்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. கைப்பிடிக் கம்பி வரப்போகும் சுவரைச் செங்கல்லிலேயே கட்டிவிட வேண்டும்.

படுக்கையறைக்குப் பத்துக்குப் பத்து போதும் என்பவர்கள் கட்டிலை வரைந்து பார்ப்பதில்லை. ஐந்துக்கு ஆறரை அடிக் கட்டில் போட்டால் கால்மாட்டில் மூன்றரை அடி மிஞ்சும். அங்கே இரண்டடி அலமாரி வந்தால் நடக்க ஒன்றரை அடி, அலமாரிக் கதவைத் திறந்தால் அதுவும் இல்லை. பதினோரடி நீளமானால் இரண்டரை அடி கிடைக்கிறது. ஓரடிதான் வித்தியாசம். கட்டில், அலமாரி, சாப்பாட்டு மேசை, பீரோ, கதவு சுழலும் வளைவு எல்லாவற்றையும் அளவோடு வரையாத வரைபடத்தை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

கட்டடத்துக்கு வெளியே விடும் மூன்றடி, ஐந்தடியையும் வரைபடத்தில் வெறுமையாக விடுகிறார்கள். அந்த ஒல்லியான இடத்துக்குள்தான் தண்ணீர் சம்ப், கழிவுநீர்த் தொட்டி, ஆழ்துளைக் கிணறு, மழைநீர் சேகரிப்புக் குழி எல்லாம் வர வேண்டும். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003இலிருந்து கட்டாயம். காகிதத்தில் இடம் குறிக்காவிட்டால் தோண்டுகிறவர் தனக்கு வசதியான இடத்தில் தோண்டுவார். சம்ப்பும் கழிவுநீர்த் தொட்டியும் பக்கத்துப் பக்கத்தில் அமைவதும், கழிவுநீர்த் தொட்டியின் மூடி சமையலறைப் பின்கதவுக்கு நேரே வருவதும் அப்படித்தான். முன்பக்க வண்டி நிறுத்துமிடத்துக்கு அடியில் சம்ப், எதிர்க்கோடியில் கழிவுநீர்த் தொட்டி, அதை உறிஞ்ச வரும் லாரியின் குழாய் எட்ட ஒரு வழி. இவை முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இல் வந்தபின் கணக்குகள் ஓரளவு சீராயின. 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடிவரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீடுகளுக்கு இணையவழியே அனுமதி உடனே கிடைக்கிறது. அலைச்சல் குறைந்தது பெரிய நன்மை. அதே நேரத்தில், அனுமதிக்காகக் காத்திருந்த வாரங்களில் குடும்பங்கள் வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துத் திருத்திக்கொண்டிருந்தன. அந்த அவகாசத்தை இனி நாமே ஒதுக்கிக்கொள்ள வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முன் ஒரு மாதமாவது வரைபடம் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கட்டும்.

மனையில் சுண்ணாம்புக் கோடு போடும் நாளில் வீட்டுப் பெரியவர்களையும் சமைக்கிறவரையும் கட்டாயம் அழைத்துப்போக வேண்டும். வெட்டவெளியில் அறைகள் சிறிதாகத்தான் தெரியும். சுவர் எழும்பினால் பெரிதாகிவிடும் என்று கொத்தனார்கள் சொல்வது சரி. அந்த நேரத்துப் பதற்றத்தில் ஹாலை இரண்டடி தள்ளச் சொல்லி, பின்னால் சமையலறையை நசுக்கியவர்கள் பலர். கட்டில் அளவுக்கும் மேடை அளவுக்கும் கயிறு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தால் பதற்றம் தணியும். தூண்கள், படிக்கட்டு, கழிப்பறைக் குழாய் இறங்கும் இடம் மூன்றும் அன்றைக்கு உறுதியாகிவிட வேண்டும். கடக்கால் போட்டபின் அவற்றைத் தொட்டால் செலவு மட்டுமல்ல, கட்டடத்தின் பலமும் கேள்விக்குள்ளாகும். தூண்கள் தாங்கும் கட்டடத்தில் நாலரை அங்குல உட்சுவர்களைச் சுவர் எழும்பும்வரைகூட நகர்த்தலாம். ஜன்னலின் அடிமட்டத்தைச் சுவர் அந்த உயரத்தை எட்டுமுன் முடிவு செய்தால் போதும். சமையல் மேடையின் உயரத்தை இன்னும் தள்ளிப்போடலாம். எல்லோருக்கும் 32 அங்குலம் என்று கட்டிவிடாமல், மேடை கட்டும் அன்று சமைக்கப்போகிறவரைச் சுவரோரம் நிற்கவைத்து, அவர் முழங்கைக்கு நான்கு அங்குலம் கீழே கொத்தனார் கோடு போட்டுக்கொள்ளலாம். வீட்டில் இருவர் சமைப்பார்கள் என்றால், இரண்டு மேடைகளும் இரண்டு உயரத்தில் இருப்பதில் ஒரு தவறும் இல்லை.